ரேடியோவில் விழுந்துபோகும் சிறு சொற்கள்: ஒரு துணை விமானியின் ஆங்கிலக் கேட்டல் பயிற்சி

(சம்பந்தப்பட்டவரின் சம்மதத்துடன் எழுதப்பட்டது. ஆளையோ நிறுவனத்தையோ அடையாளம் காட்டும் விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன.)

பின்னணி

இந்த ஆய்வில் வரும் துணை விமானிக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரியும். படித்ததெல்லாம் ஆங்கில வழியில். விமானக் கையேடுகளை வேகமாகப் படிப்பார். ரேடியோவில் அவர் ரீட்பேக் கொடுப்பதை, அதாவது வந்த உத்தரவைத் திருப்பிச் சொல்வதைக் கேட்டால் யாரும் குறை சொல்ல முடியாது. உச்சரிப்பு தெளிவு, வரிசை சரி, தேவையில்லாத ஒரு சொல் இருக்காது. தாய்மொழி தமிழ். மூன்று ஆண்டுகளுக்கு முன் எழுதிய மொழித்தேர்வில் நான்காம் நிலை வாங்கியிருந்தார். அது காலாவதியாகும் முன் மறுதேர்வுக்குப் போனார். இந்த முறை மூன்றாம் நிலைதான் கிடைத்தது. உடனே பன்னாட்டுப் பயணப் பட்டியலிலிருந்து அவர் பெயர் எடுக்கப்பட்டது.

தேர்வு முறை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் அளவுகோலில் ஆறு நிலைகள் உண்டு. பன்னாட்டுச் சேவையில் இருக்கும் விமானிக்கும், தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் கன்ட்ரோலருக்கும் குறைந்தது நான்காம் நிலை வேண்டும். நான்காம் நிலைக்காரர் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை, ஐந்தாம் நிலைக்காரர் ஆறு ஆண்டுக்கு ஒரு முறை மறுபடி தேர்வுக்கு உட்கார வேண்டும். ஆறாம் நிலை வாங்கியவருக்கு மறுதேர்வு இல்லை. உச்சரிப்பு, வாக்கிய அமைப்பு, சொல்வளம், சரளம், புரிதல், உரையாடல் என்று ஆறு பிரிவுகளில் தனித்தனியாக நிலை தருவார்கள். அதில் எது குறைவோ அதுவே மொத்த நிலை. சராசரி போடும் பேச்சே கிடையாது. நம் துணை விமானி ஐந்து பிரிவுகளில் நான்கு வாங்கினார், புரிதலில் மூன்று. வாக்கிய அமைப்பில் நான்கு கொடுத்திருந்தாலும், நிபந்தனை வாக்கியங்களிலும் இறந்தகால வடிவங்களிலும் தடுமாறுகிறார் என்று தேர்வாளர் குறிப்பு எழுதியிருந்தார்.

இந்த விதி சும்மா வந்துவிடவில்லை. 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதி 349 பேர் இறந்தார்கள். அதன் காரணங்களை ஆராய்ந்தபோது ஆங்கிலத்தைப் புரிந்துகொள்வதில் இருந்த குறையும் பேசப்பட்டது. 1998ல் ஐகாவோ பேரவை இதைக் கையில் எடுத்தது. 2003 மார்ச்சில் விதிகள் ஏற்கப்பட்டன. 2008 மார்ச் 5 முதல் நடைமுறை என்று அறிவித்து, பல நாடுகள் தயாராகாததால் 2011 மார்ச் வரை அவகாசம் கொடுத்தார்கள்.

முடிவு வந்ததும் அவர் தானாகவே ஒரு திட்டம் போட்டுக்கொண்டார். ஒரு நல்ல இலக்கணப் பயிற்சிப் புத்தகம், தினமும் மாலையில் ஆங்கிலச் செய்தி. சில வாரங்கள் இப்படி ஓட்டிவிட்டு, முன்னேற்றம் எதுவும் தெரியாததால் எங்கள் பயிற்சிப் பிரிவுக்கு வந்தார்.

முதலில் கவனித்தது

எழுத்துப் பயிற்சி ஒன்றைக் கொடுத்துப் பார்த்தோம். காலம், செயப்பாட்டு வினை, நிபந்தனை எல்லாவற்றிலும் ஏறக்குறைய முழு மதிப்பெண். இலக்கணம் தெரியாது என்ற ஊகம் அங்கேயே அடிபட்டது.

அடுத்து, கன்ட்ரோலர் ஒருவர் சாதாரண ஆங்கிலத்தில் விளக்கம் சொல்வது போல ஒரு வாக்கியத்தைப் பதிவுசெய்து, ஹெட்செட்டில் ஒரே ஒரு முறை கேட்கவைத்தோம். வாக்கியம் இது: "த ரன்வே வாஸ் சப்போஸ்டு டு ஓபன் அட் டூ ஸீரோ, பட் தே ஹாவன்ட் ஃபினிஷ்ட் தி இன்ஸ்பெக்ஷன் யெட்." இருபதாவது நிமிடத்தில் ஓடுதளம் திறந்திருக்க வேண்டும், ஆனால் சோதனை இன்னும் முடியவில்லை என்பது பொருள். காதில் விழுந்ததை அப்படியே எழுதச் சொன்னோம். அவர் தாளில் இருந்தது:

ரன்வே... ஓபன்... டூ ஸீரோ... ஃபினிஷ்ட்... இன்ஸ்பெக்ஷன்

இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டோம். "சோதனை முடிஞ்சிருச்சு மேடம், இருபதுக்கு ரன்வே திறக்கப்போறாங்க" என்றார். கொஞ்சமும் தயக்கமில்லை. எழுதிய ஐந்து சொல்லிலும் பிழை இல்லை, ஆனால் பொருள் நேர் எதிராகப் போய்விட்டது. காத்திருப்பு வட்டத்தில் சுற்றும் விமானத்தில் உட்கார்ந்து இதையே கேப்டனிடம் சொல்லியிருந்தால், இன்னும் எவ்வளவு நேரம் சுற்றலாம், எப்போது மாற்று விமான நிலையத்துக்குத் திரும்பலாம் என்ற கணக்கே தவறியிருக்கும்.

பிறகு அதே வாக்கியத்தை அச்சில் காட்டினோம். படித்த உடனே சிரித்துவிட்டார். சப்போஸ்டு என்றால் நடக்கவில்லை என்ற பொருள் வரும், ஹாவன்ட் எதிர்மறை, யெட் என்றால் இன்னும் இல்லை என்று ஒவ்வொன்றாக அவரே விளக்கினார். "எனக்கு ரன்வே, இன்ஸ்பெக்ஷன், டூ ஸீரோ எல்லாம் தெளிவாக் கேட்டுச்சு மேடம். நடுவுல எதுவும் இருந்த மாதிரியே இல்லை" என்றார். அந்தக் கடைசி வரிதான் இந்த முழுப் பயிற்சிக்கும் அடிப்படையாக அமைந்தது.

இன்னும் சில வாக்கியங்களிலும் இதே கதைதான். பெயர்ச்சொற்களையும் எண்களையும் அவர் தவறவிடவே இல்லை. தவறியதெல்லாம் துணைவினை, எதிர்மறை, முன்னிடைச்சொல், இணைப்புச்சொல். வேறு ஒன்றையும் கண்டோம். புரியாத இடத்தில் அவர் ஒருபோதும் கேள்வி கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் "ரோஜர்" என்று சொல்லி நகர்ந்துவிட்டார்.

காரணத்தைத் தேடியபோது

மூன்று ஆண்டுக்கு முன் நான்காம் நிலை வாங்கியவர் ஏன் இறங்கினார்? இடைப்பட்ட காலத்தில் எங்கே பறந்தீர்கள் என்று கேட்டோம். பழகிய தடங்கள், பழகிய குரல்கள், ஒரு நாள் போலவே மறு நாள். ரேடியோவில் ஃபிரேஸாலஜி, அதாவது விமானிகளும் கன்ட்ரோலர்களும் பயன்படுத்தும் நிலையான சொற்றொடர்கள் தவிர வேறு ஆங்கிலம் பேச வேண்டிய நிலை வரவே இல்லை. பதில் இதிலேயே இருந்தது என்று நினைக்கிறேன்.

ஃபிரேஸாலஜி என்பது சிறு சொற்களை வேண்டுமென்றே வெட்டியெறிந்த மொழி. 'த', 'ஏ' போன்ற சுட்டுகள், 'இஸ்', 'ஆர்' போன்ற துணைவினைகள், 'ஐ', 'யூ' போன்ற எழுவாய்கள், பல முன்னிடைச்சொற்கள் எல்லாம் அதில் இருக்காது. மறுப்பையும் அது சுருக்கி ஒட்டவிடாது. 'நெகட்டிவ்', 'அனேபிள்', 'டிஸ்ரிகார்ட்', 'கேன்சல்' என்று முழுச் சொல்லாகவே நிறுத்தும். சிறு சொல் தவிர்க்க முடியாத இடத்தில் இரண்டு முறை சொல்லவைக்கும். தரையிறங்கும் விமானத்துக்குப் பின்னால் ஓடுதளத்தில் ஏறி நில் என்ற அனுமதியில் 'பிஹைண்ட்' தொடக்கத்திலும் வரும், கடைசியிலும் வரும். இந்த மொழியை வடிவமைத்தவர்கள் சிறு சொற்களை நம்பவில்லை என்பது தெளிவு. நம்பாமல் போனது சரிதான். ஆனால் இதன் பக்கவிளைவு ஒன்று உண்டு. நாள் முழுக்க இதையே கேட்கும் காது சிறு சொற்களைத் தேடுவதையே விட்டுவிடுகிறது. அசாதாரண நிலைமை வந்து கன்ட்ரோலர் சாதாரண ஆங்கிலத்துக்கு மாறும்போது அந்தச் சொற்களெல்லாம் திரும்பி வருகின்றன. பொருளைத் தூக்கிச் சுமப்பதும் அவைதான்.

ஆங்கில ஓசை இதற்கு உதவாது. பெயர்ச்சொல்லும் முதன்மை வினையும் அழுத்தம் பெறும், இடையில் வருபவை நசுங்கும். அதோடு, விமானங்கள் பயன்படுத்தும் விஎச்எஃப் ரேடியோ மனிதக் குரலின் ஒரு பகுதியைத்தான் கடத்துகிறது. ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை. 'ஸ்', 'ஃப்', 'ட்' போன்ற மெய்யொலிகளின் அடையாளம் பெருமளவு அதற்கு மேலே இருக்கிறது. ஆங்கில இலக்கணத்தின் பாதி இந்த ஒலிகளில்தான் தொங்குகிறது: பன்மைக்கு ஸ், இறந்தகாலத்துக்கு ட், மறுப்புக்கு ன்ட். ஆக, இலக்கணம் குடியிருக்கும் இடத்தையே ரேடியோ அரித்துவிடுகிறது.

தமிழ்க் காதுக்குக் கூடுதலாக ஒரு பழக்கம் உண்டு. நம் வாக்கியத்தில் முடிந்ததா முடியவில்லையா என்பது கடைசியில், வினையோடு, அழுத்தமாக வரும். அதனால் கடைசிச் சொல்லைக் காது காத்துக்கொண்டிருக்கும். ஆங்கிலத்தில் மறுப்பு நடுவிலேயே சுருங்கி வந்து போய்விடும். கடைசிக்காகக் காத்திருப்பவருக்கு 'ஃபினிஷ்ட்' என்ற வினை கேட்கும், அதற்கு முன் வந்த மறுப்பு கேட்காது.

சிறு சொல்லால் பெரிய விபத்து நடந்திருக்கிறதா என்று அவர் கேட்டார். இரண்டைச் சொன்னேன். 1989 பிப்ரவரி 19 அன்று கோலாலம்பூர் அருகே இறங்கிக்கொண்டிருந்த ஒரு சரக்கு விமானத்துக்கு 2400 அடிக்கு இறங்க அனுமதி வந்தது. "டூ ஃபோர் ஸீரோ ஸீரோ" என்று கன்ட்ரோலர் சொன்ன எண்ணில் முதலில் இருந்த 'டூ'வை முன்னிடைச்சொல்லான 'டு' என்று குழுவினர் எடுத்துக்கொண்டார்கள். 400 அடி என்று புரிந்துகொண்டு இறங்கிய விமானம் குன்றில் மோதி நான்கு பேரும் இறந்தார்கள். மற்றொன்று 1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனெரீஃப் தீவில் ஓடுதளத்தில் இரண்டு விமானங்கள் மோதியது. 583 உயிர்கள். ஓடத் தொடங்கிய டச்சு விமானத்திலிருந்து "வீ ஆர் நவ் அட் டேக் ஆஃப்" என்று செய்தி வந்தது. அந்த 'அட்' கன்ட்ரோலருக்குப் புறப்படும் இடத்தில் நிற்கிறோம் என்ற பொருளைத் தந்தது. டச்சு மொழியின் வாக்கிய அமைப்பு உள்ளே புகுந்ததே இதற்குக் காரணம் என்று மொழியியலாளர்கள் விளக்குகிறார்கள். இரண்டு விபத்துக்கும் வேறு பல காரணங்களும் உண்டு, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, புத்தகத்தையும் செய்தியையும் நிறுத்துவது. புத்தகம் அவருக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. செய்தியில் படம் இருக்கிறது, தலைப்பு ஓடுகிறது, சொன்னதையே மூன்று விதமாகச் சொல்கிறார்கள். சிறு சொல் தவறினாலும் செய்தி புரிந்துவிடும். ஊகித்துப் புரிந்துகொள்ளும் பழக்கத்தைத்தான் அது வளர்க்கும்.

அதற்குப் பதிலாக, சொல்லி எழுதும் பயிற்சியைத் தலைகீழாக்கினோம். வழக்கமாக முக்கியச் சொல்லை எடுத்துவிட்டு இடத்தை நிரப்பச் சொல்வார்கள். நாங்கள் பெயர்ச்சொல், வினை, எண் எல்லாவற்றையும் அச்சிட்டுக் கொடுத்து, சிறு சொற்களை மட்டும் கோடாக விட்டோம். கேட்டு நிரப்ப வேண்டும். நிரப்ப முடியவில்லை என்றால் ஊகிக்கக் கூடாது, கோட்டைக் கோடாகவே விட வேண்டும். இந்த நிபந்தனை அவருக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. இலக்கணம் தெரிந்தவர் அல்லவா, கை தானாகவே பொருத்தமான சொல்லை எழுதிவிடும். "இது கேட்டதா, யோசித்ததா?" என்று ஒவ்வொரு கோட்டுக்கும் கேட்டுக்கொண்டே இருந்தோம்.

பதிவுகளை மெதுவாக்கவில்லை. ரேடியோவில் நிமிடத்துக்கு 100 சொல்லுக்கு மேல் போகக் கூடாது என்று ஐகாவோ சொல்கிறது. நெரிசலான நேரத்தில் யாரும் அந்த வேகத்தில் பேசுவதில்லை என்பது எல்லா விமானிகளுக்கும் தெரியும். மெதுவாகப் பேசும்போது நசுங்கிய உயிரொலிகள் முழு வடிவத்துக்குத் திரும்பிவிடுகின்றன. பிறகு காது பழகுவது ரேடியோவில் வராத ஓர் ஓசைக்கு. அதனால் வேகத்தை விட்டுவிட்டு நீளத்தைக் குறைத்தோம். முதலில் ஆறு ஏழு சொல் உள்ள வாக்கியம், பிறகு இரண்டு வாக்கியம் சேர்த்து.

பதிவுக்குப் பல நாட்டுச் சக ஊழியர்களின் குரலைக் கேட்டு வாங்கினோம். உண்மையான ரேடியோ உரையாடல் இருக்கும்போது இது எதற்கு என்று ஒரு கேள்வி வந்தது. விமான அலைவரிசையைக் கேட்பதும் பதிவதும் சில நாடுகளில் சட்டப்படி தடை. மேலும், நமக்கு வேண்டிய அமைப்பு உண்மைப் பதிவில் எப்போது வரும் என்று காத்திருக்க முடியாது.

இலக்கணத்தில் எல்லாவற்றையும் தொடவில்லை. பொருளைக் கவிழ்க்கக்கூடியவற்றை மட்டும் எடுத்தோம். அதில் இரண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒன்று, கேன்சலான திட்டத்தைச் சொல்லும் வாக்கியம். "வீ வர் கோயிங் டு கிவ் யூ ரன்வே டூ செவன், பட்..." என்று தொடங்கினால் ஓடுதளம் 27 இனி கிடைக்காது. நம்மவர் காதில் 'கோயிங் டு' விழுந்ததும் எதிர்காலம் என்று முடிவுகட்டி 27 என்று எழுதிவிடுவார். 'வர்' ஒரு கண நேரம்கூட நிற்காது. இதற்காக ஒரே வாக்கியத்தை 'வீ ஆர்', 'வீ வர்' என்று இரண்டு விதமாகப் பதிவுசெய்து, மாற்றி மாற்றிப் போட்டு, ஓடுதளம் உண்டா இல்லையா என்று மட்டும் கை தூக்கச் சொன்னோம். ஆரம்பத்தில் பூவா தலையா போட்டதற்கு மேல் எதுவும் தேறவில்லை. வாக்கியத்தின் பின்பாதியில் 'பட்' வருகிறதா என்று பார்த்துச் சமாளிக்க முயன்றார். பின்பாதியை வெட்டிவிட்டோம்.

மற்றொன்று 'கேன்', 'கான்ட்'. அமெரிக்க உச்சரிப்பில் 'கான்ட்' என்பதும் 'கேன்ட்' என்றே ஒலிக்கும், கடைசி 'ட்' பெரும்பாலும் வெளியே வராது. அதைத் தேடிக்கொண்டிருந்தால் கிடைக்காது. வேறுபாடு உயிரொலியில் இருக்கிறது. உடன்பாட்டில் வரும் 'கேன்' நசுங்கி 'கன்' என்றாகி, அழுத்தம் அடுத்த வினைக்குப் போய்விடும். மறுப்பில் அது நசுங்காது, முழு அழுத்தத்தோடு நிற்கும். "வீ கன் அக்செப்ட்" என்றால் ஏற்கலாம், "வீ கேன்ட் அக்செப்ட்" என்பதில் அந்த 'கேன்' நீண்டு விழும். 'ட்'டை மறந்துவிட்டு நீளத்தைக் கேளுங்கள் என்றோம். ஒரே மாலையில் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தில் தெளிவு தெரிந்த முதல் இடம் இதுதான். இதைவிடக் கடினம் என்று நாங்கள் நினைத்திருந்த 'அன்டில்', 'நாட் பிஃபோர்', 'அன்லெஸ்' போன்றவை பெரிதாகத் தொல்லை தரவில்லை. அவற்றில் உயிரொலி ஓரளவு முழுசாக வருவதால் இருக்கலாம்.

அடுத்து, ரீட்பேக் கேட்பதை வகுப்பில் தடைசெய்தோம். புரியாமலே சரியான ரீட்பேக் கொடுக்க முடியும், அவர் அதில் கெட்டிக்காரர். அதற்குப் பதிலாக மூன்று கேள்விகள்: என்ன நடந்தது, என்ன நடக்கப்போகிறது, நீங்கள் என்ன செய்ய வேண்டும். முதல் சில வாரங்கள் இதற்குத் தமிழில் பதில் சொல்ல அனுமதித்தோம். சக பயிற்றுநர் ஒருவர் இதை எதிர்த்தார். தேர்வு முழுக்க ஆங்கிலம், விமானத்திலும் ஆங்கிலம், வகுப்பில் மட்டும் ஏன் தமிழ் என்பது அவர் வாதம். எனக்கு வேண்டியிருந்தது அவர் புரிந்துகொண்டாரா என்பது மட்டும். ஆங்கிலத்தில் பதில் சொல்லச் சொன்னால் பிழை கேட்டதிலா, சொன்னதிலா என்று பிரிக்க முடியாது.

கடைசியாக 'ரோஜர்'. அந்தச் சொல்லுக்கு உங்கள் செய்தியை முழுதாகப் பெற்றேன் என்று மட்டும் பொருள். அவர் அதைத் திரையாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தார். நான்காம் நிலையின் விளக்கத்திலேயே, எதிர்பாராத திருப்பம் வரும்போது புரிதல் மெதுவாகலாம், தெளிவு கேட்க வேண்டியிருக்கலாம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கேட்பது குறையாக எண்ணப்படுவதில்லை. "ஸே அகெய்ன் ஆல் ஆஃப்டர் டூ ஸீரோ" என்று, தவறிய பகுதியை மட்டும் திரும்பக் கேட்க முறையான வடிவம் இருக்கிறது. "ஸ்பீக் ஸ்லோவர்" என்பதும் ஐகாவோ பட்டியலில் உள்ள சொல்தான். பறக்கத் தொடங்கியதிலிருந்து ஒரு முறைகூட அதைச் சொன்னதில்லை என்றார். ஏன்? "கேவலமா நினைப்பாங்கன்னுதான்."

நடுவில் வந்த சிக்கல்

வகுப்பில் கோடுகள் நிரம்பத் தொடங்கின. சரி, சிமுலேட்டருக்குக் கொண்டுபோகலாம் என்று நினைத்தோம். அங்கே விஷயம் வேறு மாதிரிப் போனது. ஒவ்வொரு சிறு சொல்லையும் பிடிக்கும் முனைப்பில் ரீட்பேக் தாமதமானது. சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் தெளிவு கேட்டார். நெரிசலான அலைவரிசையைப் போல அமைத்திருந்த பயிற்சியில் தரையிறங்க நெருங்கும் ஒரே கட்டத்துக்குள் திரும்பத் திரும்பக் கேள்வி. பயிற்சி முடிந்ததும் கேப்டன் சொன்னது: "தம்பி, எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே இருந்தா மத்த விமானமெல்லாம் எப்பப் பேசும்?"

கேப்டன் சொன்னது நியாயம். கேட்காமலிருந்தவர் இப்போது வரம்பில்லாமல் கேட்கிறார். அப்புறம் கேப்டனோடும் உட்கார்ந்து ஓர் எல்லை வகுத்தோம். தவறிய பகுதி நேரத்தையோ, உயரத்தையோ, பாதையையோ, ஒரு நிபந்தனையையோ, உண்டு இல்லை என்பதையோ மாற்றக்கூடியதா? அப்படியானால் உடனே ரேடியோவில் கேட்க வேண்டும். இல்லையென்றால் முதலில் பக்கத்திலிருப்பவரிடம் கேட்டுக்கொள்ளலாம். தாமதத்துக்குக் காரணம் பனியா பராமரிப்பா என்பது பிறகு தெரிந்தாலும் போதும். தாமதம் எவ்வளவு நேரம் என்பது அப்படிப்பட்டதில்லை.

கேட்கும் விதத்தையும் மாற்றினோம். "கன்ஃபர்ம் ரன்வே ஓபன்?" என்று தனக்குத் தோன்றியதைச் சொல்லிக் கேட்டால், வேலைப்பளுவில் இருக்கும் கன்ட்ரோலர் சரியாகக் கவனிக்காமல் "அஃபர்ம்" என்று சொல்லிவிடும் அபாயம் உண்டு. விமானி தவறாகத் திருப்பிச் சொன்னதைக் கன்ட்ரோலர் பிடிக்காமல் விடுவது ரேடியோவில் பழைய நோய். அதனால் புதிய தகவலைத் தந்தே ஆக வேண்டிய கேள்வியாகக் கேட்கப் பழக்கினோம்: ஓடுதளம் திறக்க எதிர்பார்க்கும் புதிய நேரம் என்ன? இதற்கு ஆமாம் என்று பதில் சொல்ல முடியாது. மறுப்பைச் சொல்லும்போது சுருக்காமல் "நாட் கம்ப்ளீட்" என்று முழுச் சொல்லாகச் சொல்லவும் பழகிக்கொண்டார். அடுத்தவர் காதும் இதே ரேடியோவில்தானே கேட்கிறது.

அடுத்தடுத்த சிமுலேட்டர் பயிற்சிகளில் கேள்விகள் குறைந்தன. ரீட்பேக் பழைய வேகத்துக்கு முழுதாக வரவில்லை, ஒரு மூச்சு தாமதம் மிஞ்சியது. அது நல்லதுதான் என்று கேப்டன் விட்டுவிட்டார்.

மறுதேர்வும் அதன் பிறகும்

மறுதேர்வில் புரிதலுக்கு நான்கு கிடைத்தது. மற்றவையும் நான்கில் நின்றன. மொத்தம் நான்காம் நிலை, மூன்று ஆண்டுக்குச் செல்லும். ஐந்து எதிலும் வரவில்லை. தேர்வில் ஒரு நீளமான பதிவில் நடுப்பகுதியைத் தவறவிட்டதாகவும், ஆனால் அதை மறைக்காமல் எந்த இடம் என்று சொல்லித் திரும்பக் கேட்டதாகவும் அவரே சொன்னார். பழைய தேர்வில் அந்த இடத்தில் "ரோஜர்" என்றிருப்பார்.

பன்னாட்டுத் தடத்தில் மேற்பார்வைப் பயணங்கள் தொடங்கின. அவற்றில் ஒன்றைப் பற்றி உடன் பறந்த கேப்டன் பயிற்சிக் குறிப்பில் எழுதியிருந்தார். தரையிறங்க நெருங்கும்போது கன்ட்ரோலர், தங்களுக்கு ஓர் ஓடுதளத்தைக் கொடுக்க இருந்ததாகவும் காற்று மாறிவிட்டதாகவும் வேகமாகச் சொல்லியிருக்கிறார். கேப்டன் கை அந்த ஓடுதளத்தைக் கணினியில் ஏற்றப் போய்விட்டது. "கேப்டன், அது முன்னாடி போட்ட திட்டம். இப்ப எதுன்னு சொல்லலை, கேட்கிறேன்" என்று துணை விமானி நிறுத்தி, கேட்டு, வேறு ஓடுதளத்தின் எண்ணை வாங்கினார். கேப்டனுக்கும் தாய்மொழி ஆங்கிலம் இல்லை. இந்த ஒரு நிகழ்வை வைத்துப் பயிற்சி வென்றது என்று சொல்ல மாட்டேன். அன்று ஏற்றியிருந்தாலும் அடுத்த அழைப்பிலேயே திருத்தப்பட்டிருக்கும். ஆனால் 'கோயிங் டு'வுக்கு முன்னால் இருந்ததை அவர் காது பிடித்தது என்பதற்கு இது சான்று.

மிஞ்சியிருக்கும் குறைகள் உண்டு. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசி ஒலி மோதும்போது பாதி கேட்டதை வைத்து இன்னும் ஊகிக்கிறார். நீண்ட விளக்கத்தின் முதல் பகுதி கடைசிப் பகுதி வரும்போது நினைவிலிருந்து நழுவுகிறது. அதற்காகச் சுருக்கக் குறி எழுதப் பழகுகிறார். மறுப்புக்கு ஒரு குறுக்குக் கோடு, கைவிட்ட திட்டத்துக்கு வட்டம் போட்டு அடித்த அடையாளம். இந்தக் குறிகள் அவரே கண்டுபிடித்தவை.

அடுத்த முறை மாற்றுபவை

கேட்டு எழுதும் சோதனையை இனி முதல் நாளே வைக்கிறோம். தேர்வறிக்கை புரிதலில் குறை என்று மட்டும் சொல்லும், குறை எந்தச் சொல்லில் என்று சொல்லாது. அதைக் கண்டுபிடிக்க ஐந்தாறு வாக்கியம் போதும். வேறு ஆட்களிடம் இந்தச் சோதனையை வைத்தபோது எல்லோரும் சிறு சொல்லில் விழவில்லை. ஒருவருக்கு உண்மையிலேயே சொல்வளம்தான் பிரச்சினை, அவருக்கு இந்தப் பயிற்சி வீண்.

எதைக் கேட்க வேண்டும், எதை விடலாம் என்ற எல்லையை சிமுலேட்டருக்கு முன்பே வகுக்க வேண்டும், கேப்டன்களையும் அப்போதே கூட்டி. தமிழில் பதில் சொல்லும் காலத்தைப் பாதியாகக் குறைப்பேன். பிழை எங்கே என்று கண்டுபிடிக்க அது உதவியது, ஆனால் நாள் போகப் போக மனதுக்குள் தமிழாக்கிவிட்டுப் பதில் சொல்லும் தாமதம் தலைகாட்டியது. எதிர்த்த சக பயிற்றுநரின் கவலையில் அந்த அளவு உண்மை இருந்தது. பதிவுகளில் விமானி அறைச் சத்தத்தையும் இன்னும் சீக்கிரம் கலக்கலாம்.

மூன்று ஆண்டு இடைவெளியில் காது மறுபடி மழுங்குவதுதான் இதில் பெரிய விஷயம். இப்போது நான்காம் நிலையில் இருப்பவர்களுக்குச் சில மாதங்களுக்கு ஒரு முறை கோடிட்ட தாள் ஒன்றைக் கொடுத்து, பத்து நிமிடம் கேட்டு நிரப்பச் சொல்கிறோம். அதற்கு மதிப்பெண் போடுவதில்லை, மேலிடத்துக்கு அனுப்புவதும் இல்லை. அனுப்பினால், கேட்காத இடத்தைக் கோடாகவே விட யாரும் துணிய மாட்டார்கள்.